இருநூற்றுப் பதினொன்று

மன்ஹைம், கேஃபெர்டால். மூன்றாம் மாடி,
லிஃப்ட் இல்லை.
ரோஸ்வித்தா ஆகன்பாக் அம்மையார்
செத்து ஆறு கிழமை.
வெள்ளிக்குள் வீடு வெறுமையாக வேண்டுமாம்.
நானும் இலீரும் கையுறை மாட்டினோம்.

சோபா, மெத்தை, தையல் மெஷின்,
எட்டுக் குடை, எல்லாம் கறுப்பு.
படுக்கையறை அலமாரியைத் திறந்தபோதுதான்
இருநூற்றுப் பன்னிரண்டு ஆம்பிளைகள்
ஒரே நேரத்தில் எங்களைப் பார்த்துத்
தலையாட்டினார்கள்.

சாண் உயரம். உடம்பைவிடப் பெரிய தலை,
கழுத்துக்குப் பதில் ஒரு சுருள்கம்பி.
தொப்பி, கோடு போட்ட காற்சட்டை,
தோளுக்கு மேலே ஓங்கிய உருண்டை மட்டை.
"உங்கட விளையாட்டா?" என்று கேட்டான் இலீர்.
"எங்கடது தட்டை மட்டை.
இது அமெரிக்கன் ஆமிக்காரர் விளையாடுறது."
இரண்டுக்கும் நான்தான் சொந்தக்காரன் போலச் சொன்னேன்.
ஒரு நாளும் நான் எந்த மட்டையும் பிடித்ததில்லை.

முகாம் மூடி வருஷக் கணக்கு.
ஆமிக்காரர் குடியிருந்த இடத்தில் இப்போது
குழந்தை வண்டிகள், கூரைகளில் சூரியத் தகடு.
அம்மையார் அங்கே சலவைக்கூடத்தில் இருந்தவராம்.
கீழ்வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் தெரியாது.

இலீர் போனில் விலை பார்த்தான்.
பெட்டி பிரிக்காதது என்றால் நாற்பது யூரோ.
பிரித்தது நாலு.
அம்மையார் ஒன்றுவிடாமல் பிரித்திருந்தார்.
பஞ்சுக் குச்சியால் துடைத்திருக்க வேண்டும்,
காது மடிப்பில்கூடத் தூசு இல்லை.

ஒருவனைக் கவிழ்த்தேன்.
காலடியில் ஒட்டுத்தாள், பென்சில் எழுத்து:
ஒரு தேதி, ஏழுக்கு மூன்று.
அடுத்தவன், இரண்டுக்கு ஒன்று.
அடுத்தவன், பதினொன்றுக்குப் பூச்சியம்,
பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி.
பதினேழாம் இலக்கச் சட்டைக்காரன், இடக்கையன்,
அவன் காலடியில் மட்டும் எண் இல்லை.
தேதியும் ஜெர்மனில் மூன்றே சொல்லும்.

வாசித்தேன். இலீர் படியிறங்கும் சத்தம்
இரண்டாம் மாடிக்குப் போகும்வரை பார்த்திருந்து
ஜாக்கெட் உள்பைக்குள் போட்டேன்.
களவுதான். வேறு சொல் தேடவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில்
என் தலையை விளங்கிக்கொண்டவர் யாருமில்லை.
"அது ஓமா, இல்லையா?"
அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளர்
குனிந்து காதுக்குள் சொன்னார்:
"வாயால சொல்லுங்கோ அண்ணை,
தலையை அவையளால எழுத ஏலாது."
கண்ணாடிக்கு முன் நின்று பழகினேன்.
மேல் கீழ் என்றால் ஓம்.
இடம் வலம் என்றால் இல்லை.
இரண்டுக்கும் நடுவில் இருந்ததெல்லாம்
இருபது வருஷத்தில் கழுத்தை விட்டுப் போயிற்று.

முதலாளி டோர் வந்து
வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.
"எல்லாம் இதுக்குள்ளதானே?
ஒண்டும் எடுக்கேல்லையே?"
அவர் கேட்டது ஜெர்மனில்தான்,
எனக்குக் கேட்டது இப்படி.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
என் முதுகுக்குப் பின்னால்
இருநூற்றுப் பதினொரு தலைகள்
மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல்
சாய்வாக, ஊர்ப் பக்கமாக, ஆடின.
நானும் ஆட்டினேன்.
எப்படி வந்ததோ, அப்படியே வந்தது.
டோர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார்,
கொஞ்சநேரம் அவர்களைப் பார்த்தார்,
கதவைச் சாத்தினார்.

இப்போது அவன் எங்கள் ஃப்ரிட்ஜுக்கு மேலே,
மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில்.
மோட்டார் உதைத்து எழும்போதெல்லாம்
தானாக ஆடுவான்.
வதனி தூக்கிக் கவிழ்த்தாள்.
பி-ஒன்று சோதனைக்கு மூன்றாம் தடவை படிக்கிறவள்,
எழுத்துக்கூட்டித் தமிழில் சொன்னாள்:
"மழை. ஆட்டம் இல்லை."
நிமிர்த்தி வைத்தாள். ஆடினான்.
"பொய்யன்" என்றாள்,
அவனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா,
தெரியவில்லை.