தொண்ணூற்றேழரைக் குதிரை

மூன்றாவது முறையும் டிரான்ஸ்பார்மர் கருகியது
ஆடி பன்னிரண்டில்.
எண்ணெய் வழிந்து
கீழே ஊணாங்கொடி வெந்து கிடந்தது.
பாலக்கோடு மண்டிக்குப் போக வேண்டிய தக்காளி
அரைப்பழத்தில் நின்றது.
பதினோரு நாள் ஆகும் என்றார் லைன்மேன் சகாயராஜ்,
என் மாவு மில் வாசலில் நின்று.

வசவும் அங்கேயேதான் நடந்தது.
ஜடையாண்டியின் புது போர்வெல்தான் காரணம் என்றார்கள்.
ஜடையாண்டி மல்பெரிக்காரர்களைச் சொன்னார்.
மல்பெரிக்காரர்கள் அரசாங்கத்தைச் சொன்னார்கள்.
அரசாங்கம் அங்கே இல்லை.
கரன்ட் இல்லாத மில்லில்
கேட்பதைத் தவிர எனக்கென்ன வேலை.

என்னிடம் ஒரு கடன் நோட்டு இருக்கிறது.
யார் வீட்டுக் கேழ்வரகு எத்தனை படி, எந்தக் கிழமை,
யாருக்கு நைசாக, யாருக்குக் குருணையாக.
செவ்வாயில் எல்லாரும் வந்தால் பெல்ட் அறும் என்று
இரண்டு தெருவை வியாழனுக்கு மாற்றியவள் நான்.
இதையே கரன்டுக்கும் செய்யலாம் என்று
உடனே தோன்றவில்லை.
ஐந்தாம் நாள்
அதே நோட்டால் விசிறிக்கொண்டிருந்தபோது தோன்றியது.

பின்பக்கம் திருப்பிக் கோடு போட்டேன்.
பேர். மோட்டார். தண்ணீர் எந்நேரம் கட்டாயம்.

மோட்டாருக்கு எல்லாரும் ஐந்து என்றார்கள்.
பதின்மூன்று இணைப்பு, என்னுடையதும் சேர்த்து.
அறுபத்தைந்து குதிரைத்திறன்.
"அறுபத்தைந்துக்கு அது கருகாதுக்கா"
என்றார் சகாயராஜ், தரையைப் பார்த்து.
"காகிதத்துக் குதிரை புல் தின்னாது.
கொட்டகையில கட்டியிருக்கிறதைச் சொல்லச் சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை.
சொன்னால் அபராதம் வருமோ, இணைப்பு போகுமோ.
ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே
இறக்கியதை எவன் பார்த்தான்.

நான்தான் வாயைத் திறந்தேன்.
எழுதிக் கொடுத்தது ஐந்து,
மில்லில் ஓடுவது பத்து.
சொல்லிவிட்டு
முந்தானையில் இல்லாத மாவைத் தட்டினேன்.

கொஞ்சம் பொறுத்துத் திம்மராயன், ஏழரை என்றார்.
உனக்குமா ஏழரை, என்று யாரோ கேட்க
சிரிப்பு வந்தது.
சிரிப்போடு மற்றவர்களுடையதும் வந்தன,
ஏழரை, பத்து, ஏழரை, பத்து.
ஜடையாண்டியுடையது மட்டும் ஐந்து.
மெய்யாகவே ஐந்து.
அவரை ஏசியவர்கள் மடியில் பீடி தேடினார்கள்.

கூட்டினேன். தொண்ணூற்றேழரை.
அரைக் குதிரை எப்படி வந்தது என்று
இன்னொரு முறை கூட்டினேன்.
சரிதான்.
கரன்ட் வந்த நொடியில்
ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் ஒன்றாய்க் கண் விழித்து
அத்தனை குதிரையும்
ஒரே கதவில் முட்டியிருக்கின்றன.

அதன் பிறகு கணக்கு சுலபம்.
அதுதான் வெட்கமாக இருந்தது.
சொட்டுநீர்த் தக்காளிக்கு இரண்டு மணி நேரம் போதும்.
மல்பெரிக்கு விடிகாலை.
கரும்புக்கு எப்போதானாலும் சரி.
மருதாயி கல்குவாரியிலிருந்து திரும்ப மூன்றாகும்.
முதல் பங்கு ஐம்பது,
அடுத்தது நாற்பத்தேழரை.

பிரிவு அலுவலகத்தில் பொறியாளரம்மா
தாளை இரண்டு முறை படித்தார்.
"மனு வரும், சண்டை வரும்.
எவ்வளவு வேணும், எப்போ வேணும்னு
யாரும் சேர்ந்து எழுதிக்கிட்டு வந்ததில்லை" என்றார்.
பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டு
அடுத்த வருசத் திட்டத்தில் எழுதுகிறேன் என்றார்.
அபராதம் பற்றிப் பேசவில்லை.
பேச மாட்டேன் என்றும் சொல்லவில்லை.
ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை ஆறு மணி.
ஆட்டோவைக் கழற்றிவிட்டு
ஆளுக்கொரு கொட்டகையில் நிற்கிறார்கள்.
முதலில் ஜடையாண்டியின் மோட்டார்.
நூறு எண்ணினேன்.
கிழக்கே இன்னொன்று.
மறுபடி நூறு.
மில் பல்பு ஒரு தரம் மங்கியது,
யோசித்தது,
எரிந்தது.