பச்சைக்கு மேல் மஞ்சள்

எங்கள் எஞ்சின் ஓடும் தூரம் எழுநூறு மீட்டர்.
சோடாக் கொட்டகையிலிருந்து எடைமேடை,
எடைமேடையிலிருந்து கேட்.
கேட்டுக்கு அப்பால்
செட்டிநாடு ஸ்டேஷனைத் தாண்டி
திருச்சிக்குப் போகும் தண்டவாளம்.
அது வேறு சாதி இரும்பு.

டீசல் உள்ளே எரிகிறது.
ஆனால் நெருப்பு சக்கரத்தைத் தொடுவதே இல்லை.
ஜெனரேட்டர் வாங்கி, கம்பி வழியே அனுப்பி,
அச்சோடு கிடக்கும் மோட்டாரின் காதில் போட்டு
அப்புறம்தான் அசைவு.
கைப்பிடியைத் திருப்பியதற்கும் வண்டி நகர்வதற்கும் நடுவே
ஒரு மூச்சு.
புதிதாக வருகிறவர்கள் அதைக் கோளாறு என்பார்கள்.

செம்மண் ஃபில்டரை அடைக்கும்.
தைலமரச் சருகு ரேடியேட்டரில் ஒட்டும்.
போன ஆடியில் காரைக்குடியிலிருந்து
பெயிண்டர் சிக்கந்தர் வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க
மஞ்சளுக்கு அடியில் பச்சை.
பட்டாளத்துப் பச்சை.
எங்கோ வடக்கே குண்டுக் கிடங்கில்
இருபது வருஷம் இழுத்த எஞ்சினாம்.
புகைபோக்கிக்குள் அந்தச் சல்லடை ஏன் என்று
அன்றைக்குத்தான் விளங்கியது:
ஒரு பொறிகூட வெளியே பறக்கக் கூடாது.

கதவின் உள்பக்கம் ஆணியால் கீறிய கோடுகள்.
நாலு நட்டு, ஒன்று குறுக்கே.
அப்படிப் பதினோரு கட்டு, மிச்சம் மூன்று.
பக்கத்தில் எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு பெயர்.
லீவுக்கு நாள் எண்ணியிருப்பான் என்றார் சிக்கந்தர்.
பெட்டிக் கணக்கு என்றான் சேவுகன்.
"இத மட்டும் விட்டுடுங்க பாய்" என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
கூலியையும் குறைக்கவில்லை.

ரகோத்தமன் சார் ஸ்டாப்வாட்சோடு வந்தது ஐப்பசியில்.
"இது சோடா உப்புய்யா, வெடிகுண்டு இல்ல.
தள்ளி விடு, உருண்டு போகட்டும்,
நீ அடுத்ததப் பிடி."
வேகனுக்கு நாலு நிமிஷம் மிச்சம்.
பேப்பரில் போட்டே காட்டினார்.

தூறல் ராத்திரி.
தள்ளினேன். விட்டேன்.
காலி வேகன் என்றால் கடகடவென்று ஊரைக் கூட்டும்.
நிறைந்தது பூனை.
அறுபது டன் சத்தமில்லாமல் போகிறது,
அங்கே கொட்டகை வாசலில்
சேவுகனின் டார்ச்
கொக்கி மாட்டக் குனிகிறது.

ஹாரன் அடித்தேனா, கத்தினேனா, நினைவில்லை.
டார்ச் விழுந்து உருண்டது.
பஃபரும் பஃபரும் மோதியதில்
தகரக் கூரையின் புறாக்கள் அத்தனையும் எழுந்தன.

பிறகு, மறுபக்கச் சரளையிலிருந்து,
"என் செருப்பக் காணோம்ணே."

ரிப்போர்ட்டை யாரும் எழுதவில்லை.
நானும் எழுதவில்லை.

மறுநாள் எஞ்சின் பழையபடி
குண்டு சுமக்கிற நடை நடந்தது.
மிச்சம் பிடித்த நாலு நிமிஷமும் செலவாயிற்று.
ரகோத்தமன் சார் வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஏதோ சொன்னார்.
எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.
எஞ்சினை அணைக்கவும் தோன்றவில்லை.

மதியம் கதவை இழுத்தபோது
அந்த மூன்று கோட்டுக்குப் பக்கத்தில் நாலாவது.
புதுசு. துரு ஏறாத வெள்ளை.
குனிந்து பார்த்தேன்.
சேவுகன் வெறுங்காலோடு
பாயிண்ட் கம்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான்,
கண் மட்டும் இன்னும்
தண்டவாளத்துக்கு அடியில்
எதையோ தேடிக்கொண்டு.