இரண்டு நிமிடம் ஆறு நொடி

சேலம் புது பேருந்து நிலையத்தில்
நேரம் எழுதுவது என் வேலை.
ஏற்காடு வண்டி ஐந்து நாற்பது என்றால்
ஐந்து நாற்பத்திரண்டுக்கு
டிரைவர் முகத்தைப் பார்ப்பேன்,
கையிலிருக்கும் டீ கிளாஸைப் பார்ப்பேன்,
எதுவும் சொல்லாமல் எழுதிக்கொள்வேன்.
இருபது கொண்டை ஊசி வளைவும் அவர் பாடு,
அந்த இரண்டு நிமிடம் என் பாடு.

அன்றைக்கு ராத்திரி
கிச்சிப்பாளையத்தில் கரண்ட் இல்லை.
தஷ்வந்துக்கு ஒன்றரை வயது.
சாயங்காலம் மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான்.
படுக்கப்போட்ட பிறகுதான்
தோசைக்கல்லாய்ச் சுட்டது.
மருந்தை அளந்து ஊற்றிவிட்டு
பூங்கோதை கண்ணயர்ந்தாள்.

கட்டில் ஆடுகிறது என்று முதலில் நினைத்தேன்.
செல்போன் வெளிச்சத்தில்
அவன் கண்கள் மேலே செருகி
எங்களை விட்டுப் போயிருந்தன.
கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.
உதட்டோரம் நுரை. உதடு நாவற்பழம்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்.
அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை.

பச்சமுத்துவுக்குப் போன் போட்டேன்.
ஆட்டோ கொண்டா என்றேனோ
வெறுமனே கத்தினேனோ.
போனைத் தரையில் போட்டுவிட்டு
அவன் பல்லுக்கு நடுவே விரலை விட்டேன்.
எதிர்வீட்டு சாந்தகுமாரி அக்கா ஓடி வந்து
தன் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தாள்.
வெங்காயம், வெங்காயம் என்றது மாடியிலிருந்து ஒரு குரல்.
பூங்கோதை இரண்டு காலையும் அமுக்கிப் பிடித்திருந்தாள்,
காற்றில் பறந்துவிடுவான் என்பதைப் போல.

பிறகு அழுதான்.

பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் பெனசிர் முதலில் கேட்டது:
"எவ்வளவு நேரம் இழுத்துச்சு?"

டைம் கீப்பர் நான்.
"அரை மணி நேரம்" என்றேன்.
"விடிய விடிய" என்றாள் பூங்கோதை.
ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு.

பச்சமுத்துதான் தன் போனை நீட்டினான்.
நான் அணைக்காமல் விட்ட அழைப்பு.
அந்த முனையில் சட்டை மாட்டிக்கொண்டே
எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.
குழந்தை அழுத சத்தம் வந்ததும்தான் வைத்தானாம்.
திரையில் இருந்தது
இரண்டு நிமிடம் ஆறு நொடி.

டாக்டர் அதை வாங்கி எழுதிக்கொண்டார்.
குழந்தையைத் தட்டிப் பார்த்தார், காதுக்குள் பார்த்தார்,
கழுத்தை மெல்ல மடக்கிப் பார்த்தார்.
"காய்ச்சல்ல வர்ற வலிப்பு இது,
காக்காய் வலிப்பு இல்ல.
மூளைக்கு ஒண்ணும் ஆகாது.
உங்க வீட்ல சின்ன வயசுல யாருக்காவது?"
பூங்கோதை என்னைப் பார்த்தாள்.
நான் அவளைப் பார்த்தேன்.

என் விரலில் பதிந்த பல் தடத்துக்கு
மருந்து தடவிக்கொண்டே சொன்னார்:
"வாய்க்குள்ள எதையும் வைக்காதீங்க.
அமுக்கிப் பிடிக்காதீங்க.
ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.
மறுபடி வந்தாலும் வரும்.
வந்தா, கடிகாரத்தைப் பாருங்க.
அஞ்சு நிமிஷம் தாண்டினா ஒரு நொடி நிக்காதீங்க, வந்துடுங்க."

கடிகாரத்தைப் பாருங்க.
என்னிடம்.

காலையில் போர்வையை உதறியபோது
சாவிக்கொத்து விழுந்தது.
சாந்தகுமாரி அக்கா ஓடி வந்த வேகத்தில்
கதவு தானாய்ப் பூட்டிக்கொண்டிருக்கிறது.
விடியும்வரை மாடிப்படியில்
கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்
எங்களைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:
"சாவி வேலை செஞ்சுதா?"
செஞ்சுதுக்கா என்றேன்.

மார்கழியில் மறுபடி வந்தது.
இந்த முறை கரண்ட் இருந்தது,
அவன் முகம் முழுசாய்த் தெரிந்தது,
அது இருட்டைவிட மோசம்.
ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.
தலையணையை நகர்த்தினேன்.
சாவியோடு வந்த அக்காவிடம்
கதவைப் பிடிச்சுக்கோங்க என்றேன்.
பூங்கோதையின் கைகள்
தொடாமலிருக்கத் தெரியாமல்
அவன்மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றன.
கையில் கிடைத்த தாளில் எழுதினேன்.
ஒரு நொடியின் நீளம்
இருபது வருட வேலையில்
எனக்கு யாரும் காட்டியதில்லை.

மறுநாள் டிப்போவில் தாளைப் புரட்டிய
கண்டக்டர் செங்கோட்டுவேல் கேட்டார்:
"மூணு பன்னெண்டுக்கு வந்து
மூணு பதினாலுக்குப் போயிருக்கு.
எந்த ஊர் வண்டிண்ணே இது?
ரூட்டே போடல."