ஆறு கரண்டி

முப்பது மில்லி வெந்நீருக்கு
மட்டமாய் வழித்த ஒரு கரண்டி.
நூற்றெண்பதுக்கு ஆறு.
குவைத்துக்குத் திரும்பும்போது ரெஜிலா
ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள்.
ஏழு மாதத்தில் ஈரம் பட்டு மை பரவி
இப்போது 6 பார்க்க 8 மாதிரி இருக்கிறது.
எனக்கு மனப்பாடம்.

குலசேகரத்துக்கு மேலே, சரிவில்
முந்நூற்றிருபது ரப்பர் மரம் என் வெட்டு.
நாலு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
அக்ஸா பக்கத்தில் தம்பி ஜெனிஷை உருட்டிவிட்டு இறங்குவேன்.
இடி விழுந்தாலும் எழும்பாதவன்,
அவள் சிணுங்கினால் எழும்புவான்.

பத்து மணிக்குள் சிரட்டைப் பால் வாளிக்கு வரும்.
டிஷ்ஷில் ஊற்றி, தண்ணீர் சேர்த்து,
ஆசிட்டை அளந்து கலக்கி மூடிவைத்தால்
சாயங்காலம் கையில் எடுக்கலாம்,
உருளையில் கொடுத்து ஷீட்டாய் நீட்டலாம்.
பால் கட்டியாகும் என்பதில்
எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை,
அக்ஸாவுக்குப் பதினோரு மாதம் ஆகும்வரை.

தக்கலை டாக்டர் எடையைப் பார்த்தார்.
'பொறந்தநாளோட டின்னை நிறுத்தப் பாருங்க.
வீட்டுல நீங்க என்ன தின்னுவீங்களோ அது போதும்.'
என்ன தின்னுகிறேன் என்று
பஸ் திருவட்டாறு தாண்டும்வரை யோசித்தேன்.

ஏத்தங்காய்ப் பொடி குறுக்கினேன்.
நாக்கு நுனியால் தள்ளி
என் சட்டைக்கே திருப்பித் தந்தாள்.
மட்டிப்பழத்தை மசித்து ஒரு விரல்:
வட்டிக்காரன் கிழிந்த நோட்டைப் பார்க்கிற பார்வை.
இட்லியைப் பிய்த்துப் பிய்த்து நாய்க்குப் போட்டாள்,
நாய்க்கு ரெண்டு கிலோ கூடியிருக்கும்.
கரண்டி வந்தால் வாய்க்குப் பூட்டு.
பாட்டில் வந்தால் இரண்டு கையும் பறக்கும்.
'ஆசிட் பத்தல்ல அண்ணே' என்றான் ஜெனிஷ்.
சிரித்தேன்.
ராத்திரி படுத்தபோது சிரிப்பு வரவில்லை.

ரெஜிலாவின் வார்டில் ஒரு கிழவருக்கு
மூக்குக் குழாய் வழியே
மூன்று மணிக்கொருமுறை இருநூறு மில்லி.
ஊற்றி, நேரம் குறித்து, கையெழுத்துப் போடுவாள்.
அந்தக் கையோடு என்னைக் கூப்பிடுவாள்.
'எத்தனை குடிச்சா?'
நானும் நோட்டைப் பார்த்துச் சொல்வேன்.
மற்ற பேச்செல்லாம் எப்போதோ குறைந்து
மில்லியில் பேசப் பழகியிருந்தோம்.

நேற்று இங்கே எட்டு, அங்கே ஐந்தரை.
போனைச் செம்பில் சாய்த்துவைத்து
தரையில் சாப்பிட உட்கார்ந்தேன்.
மரச்சீனி, வெந்து மலர்ந்தது.
சாளைக்கறி தனியே சட்டியில்.
அக்ஸா தவழ்ந்து வந்தாள்,
அம்மா முகத்துக்கு என்று நினைத்தேன்.
செம்பு உருண்டது. போன் மல்லாந்தது.
ரெஜிலாவுக்கு ஃபேனும் ஓடும் மட்டும்.
'என்ன? என்னாச்சு?'
நான் வாய் திறக்கவில்லை.

என் தட்டின் ஓரத்திலிருந்து
கறி படாத ஒரு துண்டை எடுத்திருந்தாள்.
நசுக்கினாள். பாதி விரலிடுக்கில் பிதுங்கியது.
மீதியை உள்ளங்கையோடு சேர்த்து வாயில் அடைத்தாள்.
மேலே ரெண்டு, கீழே ரெண்டு,
நாலு பல்லும் வேலைக்கு இறங்கின.
ஒரு இருமல்.
என் கை பாதி வழியில் நின்றது.
விழுங்கினாள்.
விழுங்கிவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்,
நான்தான் அவளிடம் கடன் கேட்டு வந்தவன்போல.

'எவ்வளவு தின்னா?' தரையிலிருந்து குரல்.
எவ்வளவு என்று சொல்ல?
கொஞ்சம் தலைமுடியில், கொஞ்சம் பாயில்,
ஜெனிஷின் போர்வையில் கொஞ்சம்,
மீதி உள்ளே.
நோட்டில் தேதி போட்டேன்.
எட்டு பத்து என்று மணி போட்டேன்.
மில்லிக்கான இடத்தில்
'கிழங்கு' என்று எழுதினேன்.

பன்னிரண்டு மணிக்கு அழுதாள்.
ஆறு கரண்டியே போட்டேன்.
டின்னில் இன்னும் நாலு நாளைக்கு இருக்கிறது.