மூன்றரை மணி பின்னால்

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியைக்
கிளப்பும் நாள்.
பத்து நிமிஷம் ஓடவிடணும், இல்லாட்டி
பேட்டரி செத்துரும் என்று
புறப்பட்ட அன்றைக்கு மூன்று தரம் சொன்னீர்கள்.
வேறு எதையும் மூன்று தரம் சொல்லவில்லை.

எட்டாவது உதைக்குப் பிடித்தது.
புகை பேச்சித்தாய் கொடித்துணிக்குப் போயிற்று.
"ஏட்டி, துணி காயப்போடுற நேரத்துலதான்
இந்தச் சவத்தக் கிளப்பணுமா?"
என்னமும் சொல்லட்டும்.
மதியம் மதிலுக்கு மேலே
சொதிக் கிண்ணம் நீட்டுகிற கையும் அதுதான்.

பணகுடியில் இப்போது ஆடிக்காற்று.
காற்றாடிகள் எல்லாம் மலையைப் பார்த்து நிற்கின்றன.
கழுவிக் கவிழ்த்த தட்டிலும் மண்.
செவ்வாய்க்கிழமை ராத்திரி
மாடிப்படிக்கு மேலிருந்த தகரம் பறந்து
அற்புதமணியின் வாழைக்குள் விழுந்தது.
இரண்டு குலை சேதம். காசு வாங்கமாட்டேன் என்றார்,
பிறகு வாங்கிக்கொண்டார்.
மிச்சமிருக்கிற தகரத்துக்கு ஆசாரி
நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி
நாலு நாளாயிற்று.

மின்சார ஆபீசில்
மீட்டர் உங்கள் பேரில் இருக்கிறதாம்.
"அவரையே வந்து ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்கம்மா."
"தெற்கு சூடான்ல இருக்காவ சார்."
அவர் காலண்டரைப் பார்த்தார்.
"சரி, திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

தியாஷினி அப்பா படம் வரைந்தாள்.
தொப்பிக்கு நீலம் அடித்திருந்தாள்.
பட்டாளத்துக்குப் பச்சைதானே என்று
டீச்சர் சுழித்து விட்டிருக்கிறார்.
இவள் ரப்பரைத் தொடவில்லை.
எங்கப்பாவுக்கு நீலம், என்று
அதன் மேலேயே இன்னொரு தரம் அடித்து,
தாள் கிழிந்து, பின்பக்கக் கணக்குப் பாடத்திலும்
ஒரு நீல ஓட்டை.

ராத்திரி எட்டரைக்கு உங்கள் அழைப்பு.
அங்கே சாயங்காலம் ஐந்து.
நான் முடித்துவிட்ட பொழுது
உங்களிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது.
சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன். நீ?
மாவு பொங்கி வழிகிறது, துடைத்துக்கொண்டே பேசுகிறேன்.
உங்கள் முதுகுக்குப் பின்னால்
படபடவென்று ஏதோ வெடித்தது.
என்னது என்றேன்.
ஜெனரேட்டர் என்றீர்கள்.
அதே நேரம் இங்கே ஒரு டமார்.
என்னட்டி அது?
கதவு என்றேன்.

ஜெனரேட்டர் அப்படி விட்டுவிட்டு ஓடாது.
கதவு தலைக்கு மேலே அடிக்காது.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
ஒன்றும் பேசவில்லை.
பிறகு தேங்காய் விலையைப் பற்றிப் பேசினோம்.

இந்த ஞாயிறு
பத்து நிமிஷம் ஆகியும் நான் அணைக்கவில்லை.
நைட்டியை மாற்றி சுடிதார் போட்டுவந்தேன்.
ஏறு என்றேன் பிள்ளையிடம்.
நிஜமாவா என்றாள், கேட்கும்போதே ஏறிவிட்டாள்.

உங்கள் உயரத்துக்கு வைத்த கண்ணாடியில்
எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது.
துருப்பிடித்த திருகு. துணி சுற்றிப் பிடித்து
மெதுவாகக் கீழே இறக்கினேன்.
தெரு வந்தது. பேச்சித்தாய் வந்தாள்,
வாயில் கிளிப்போடு, ஒன்றும் சொல்லாமல்.
பிள்ளையின் ஒரு காது வந்தது.

கல்யாணத்துக்கு அடுத்த மாசம்
பள்ளிக்கூட மைதானத்தில் நீங்கள் கற்றுக்கொடுத்தது
இரண்டாம் கியர் வரைக்கும்தான்.
மூன்றாவதை நானே கண்டுபிடித்தேன்.
நாலுவழிச் சாலையில் காற்று
பக்கவாட்டில் வந்து தள்ளியது.
ஒரு லாரி ஒலி எழுப்பிக்கொண்டே கடந்தது.
எளவு, போயேன்டா என்று கத்தினேன்.
பின்னாலிருந்து அவளும் கத்தினாள்.

காவல்கிணறு விலக்கில்
ஆளுக்கொரு சர்பத் குடித்தோம்.
நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டோம்.
முழங்கால் நடுக்கம் நிற்கிறவரை
பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல
நின்றிருந்தோம்.

எட்டரைக்குக் கேட்டீர்கள்:
வண்டியைக் கிளப்பினியா?

கிளப்பினேன்.

எத்தனை நிமிஷம்?

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு
அடுக்களைக்குள் ஓடினாள்.

பத்து, என்றேன்.