நீலச் சட்டையின் இடது கை

நண்டுப் படகு திரும்பாமல் போன ஆண்டின் நவம்பரில்
லியாண்டர் ஒரு கறுப்புக் குப்பைப்பையோடு
தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார்.
செவ்வாய் மாலைகளில் அங்கே நாங்கள்தான்:
பத்துப் பெண்கள், ஒரு விறகடுப்பு, டின் பால்,
மூக்கு ஒழுகும் கெட்டில்.
"கந்தல் வாங்கிக்கொள்வீர்களாமே" என்றார்
கதவைச் சாத்தாமல்.
நியூஃபவுண்ட்லாந்தின் பனிமூட்டம் அவர் முதுகுக்குப் பின்னால்
நானும் வரலாமா என்பதுபோல் நின்றிருந்தது.

யாரும் பையைத் திறக்கவில்லை.
உள்ளே யார் என்று எங்களுக்குத் தெரியும்.
கார்லண்டின் உடலைக் கடல் தரவில்லை.
கல்லில் பெயர் இருக்கிறது, கல்லுக்குக் கீழே
கல்லுதான்.

செலீனா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
டீ ஊற்றினாள்.
சர்க்கரை எத்தனை என்று கேட்டாள்.
அதற்குத்தான் அவர் அழுதார்.
எப்படி இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று
ஏழு மாதமாய் ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.
பதில் தெரிந்த கேள்வியை
இவள்தான் முதலில் கேட்டாள்.
இரண்டு, என்றார்.

அடுத்த வாரமும் வந்தார்.
பழைய உருளைக்கிழங்குச் சாக்கைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கொடுத்தோம்.
ஆணியை வளைத்துச் செய்த கொக்கி ஒன்று.
கீழிருந்து துணிக்கீற்றைப் பிடித்து
சாக்கின் கண் வழியே மேலே இழுக்க வேண்டும்,
ஒரு விரற்கடை, பிறகு அடுத்த கண்.
கூண்டு இழுத்துப் பழகிய கை,
முதல் நாளிலேயே சாக்கைக் கிழித்தது.

துக்கத்தைப் பேசுவோம் என்று யாரும் சொன்னதில்லை.
ஃபிலோமினாவின் முழங்கால்,
மூஸ் இறைச்சி யார் வீட்டில் மிச்சம்,
யாருடைய ரொட்டி கருகியது,
இவ்வளவுதான்.
ட்ரைஃபீனா மட்டும் ஒருநாள்
தையலிலிருந்து தலை தூக்காமல்
"நாலாம் வருஷம் மறந்துபோய்ச் சிரித்துவிடுவாய்,
அன்றைக்குத்தான் ரொம்ப வலிக்கும்" என்றாள்.
அவள் மகளை நாங்கள் எல்லோரும் அறிவோம்.
அடுப்பில் ஒரு விறகு சரிந்தது.

பிப்ரவரியில் பையைத் திறந்தார்.
நீலக் கம்பளிச் சட்டை,
இடது முழங்கையில் என்ஜின் எண்ணெய்க் கறை.
கத்தரியை என் பக்கம் நீட்டினார்,
"என் கை கேட்காது."

வெட்டினேன்.
புதுப்பனியில் யாரோ நடந்து வருவதுபோல் இருந்தது
கத்தரியின் சத்தம்.
ஒரு மூச்சு நேரம்
பதினொரு பேரும் கதவைப் பார்த்தோம்.

ஒரு கைக்கு நாற்பத்து நாலு கீற்று.
தானே வைத்துக்கொள்வார் என்று நினைத்தோம்.
சீட்டுப் போடுகிறவர் மாதிரி
ஆளுக்கு நாலு பிரித்துக் கொடுத்தார்.

ஃபிலோமினா அதைக் கூரையாக்கினாள்.
செலீனாவின் பூனைக்கு ஒரு கண் நீலமானது.
ட்ரைஃபீனா எங்கே வைத்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.
எனக்கு அது புகை,
புகை நீலமா என்று கேட்காதீர்கள்.
அவர் படகு இழைத்தார். அது
பூட்ஸ் போல வந்தது.
யாரோ முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.
பிறகு அவரே சிரித்துவிட்டார், பெரிதாக,
கெட்டில் மூடி அதிரும்படி.
சட்டென்று நிறுத்தி
திருடியவர்போல் ட்ரைஃபீனாவைப் பார்த்தார்:
"இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லையே."
"கணக்கில் நான் எப்போதும் மோசம்" என்றாள் அவள்.

முடித்த மிதியடிகளைச் சுருட்டும்போது
நான்தான் கேட்டேன், இதை வாசலில் போடுவதா,
அவன்மேல் எப்படி மிதிப்பது.
"ஒருநாளாவது பூட்ஸைத் துடைத்துவிட்டு
வீட்டுக்குள் வந்திருக்கிறானா அவன்?" என்றார்.
"இப்போதாவது பழகட்டும்."

இது ஏப்ரல். விரிகுடாவில் பனிப்பாளங்கள் பிரிகின்றன.
கூண்டுகளை யாருக்கோ விற்றுவிட்டாராம்,
சிலர் இல்லை என்கிறார்கள்.
செவ்வாய்க்கிழமை விறகு சுமந்து வருகிறார்,
செலீனா கேட்காமலே இரண்டு போடுகிறாள்,
அவர் ஒவ்வொரு முறையும் இரண்டு என்று சொல்கிறார்.

வலது கை இன்னும் பையில் இருக்கிறது,
பை சுவரில் ஆணியில்.
நாங்கள் கேட்பதில்லை.
இங்கே குளிர்காலங்களுக்குப் பஞ்சமில்லை.