நிற்கத் தெரிந்தது

அஜ்மான் சனாயாவிலிருந்து ஷார்ஜாவரை
ஒரே மாலையில் மூன்று ஷோரூம்.
மூன்றிலும் பேரீச்சம்பழம், சுலைமானி.
முதல் இரண்டில் ஒரே எண்:
நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு தையல்.
மூன்றாமவன் மட்டும்
எண்ணூற்றைம்பது என்றான்,
கடனைச் சொல்வதுபோல் மெதுவாக.

முதலாளியம்மா உம் ராஷித்
என்னைப் பார்த்தார்.
நான் தரையைப் பார்த்தேன்.
கார்பெட் போட்ட தரையில்
எந்த மெஷினும் நன்றாகத்தான் ஓடும்.

எங்கள் ஷெட்டில் தரை சிமென்ட்.
ஆகஸ்டில் கூரைத் தகரம் கொதித்து
எண்ணெய் தண்ணீராய் இளகும்.
இரண்டு ஏசியில் ஒன்று
எப்போதும் லீவில் இருக்கும்.
காற்று கிளம்பும் நாளில்
பாபின் பெட்டிக்குள் மணல்.

வெள்ளைத் துணியில் பொன்னூல் ரோஜா
தைத்துக் காட்டினார்கள்.
வெள்ளையில் எல்லா மெஷினும் யோக்கியம்.
பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்,
கறுப்பு அபாயாத் துணி,
தேராவில் கிலோ கணக்கில் வாங்கும்
கறுப்பு நூல்.
"இந்த நூல் கம்பெனி சொன்னதில்லையே சேட்டா"
என்றான் சேல்ஸ்மேன் ஷினோஜ்.
எங்களுக்கு வருவது இதுதான்,
கோருங்கள்.

கறுப்பின்மேல் கறுப்பு.
இதில்தான் எல்லாம் ஒளிந்துகொள்ளும்.

போன நோன்பு, இருபத்தேழாம் இரவு.
பழைய மெஷினின் ஏழாம் தலையில்
நூல் அறுந்தது யாருக்கும் தெரியாது.
பதினைந்து தலையும் ஒன்றாகக் குனிந்து நிமிர,
ஏழாவது மட்டும்
காற்றைத் தைத்துக்கொண்டிருந்தது.
திரையில் கணக்கு சரி. தையல் எண்ணிக்கை சரி.
அறுபத்திரண்டு கைகளில்
பூ இருக்க வேண்டிய இடத்தில்
ஊசித் துளைகள்.
இஸ்திரி மேசை விளக்கில் பிடித்தபோதுதான்
பொடிப்பொடியாய் வெளிச்சம் வந்தது.

ஆபரேட்டர் மொபிசுல்
இடத்தைவிட்டு எழவேயில்லை என்றான்.
பதினொரு நாள் சம்பளம் பிடித்தார்கள்.
சில்ஹெட்டுக்குப் பணம் அனுப்பும் கடையில்
அந்தப் பெருநாளுக்கு
அவனை நான் பார்க்கவில்லை.

அவன் எழவில்லை என்பது எனக்குத் தெரியும்.
நூல் அறுந்தால் நிறுத்தும் சென்சார்
சும்மா சும்மா நிறுத்துகிறது என்று
மேனேஜர் கத்திய ஒரு மதியம்
விரல் நீள ஒயர் ஒன்றை
இந்தக் கைதான் குறுக்கே போட்டது.
விசாரணையில் என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்காததற்கு
நான் பதில் சொல்லவில்லை.

ஆகவே ஷோரூமில்
ஓடிக்கொண்டிருந்த தலையின் நூலை
கத்தரியால் வெட்டினேன்.
ஷினோஜ் பதறிப்போனான்.
குனிந்து எண்ணினேன்.
முதல் மெஷின் நாற்பது தையல் தாண்டி
யோசித்து நின்றது.
இரண்டாவது பதினேழு.
மூன்றாவது
மூன்றே தையலில் நின்று
அந்தத் தலைக்கு மட்டும் சிவப்பு விளக்கு போட்டது.
மறுபடி வெட்டினேன். மூன்று.
மறுபடி. நான்கு.

"விலை கூட. வேகம் குறைவு.
அடிக்கடி நிற்கும்போலிருக்கிறதே"
என்றார் மேனேஜர்.
ஆமாம், நிற்கும் என்றேன்.
உம் ராஷித் காரணம் கேட்டார்.
ஸ்பேர் பார்ட்ஸ் ஷார்ஜாவிலேயே கிடைக்கும்,
போன் போட்டால் அன்றே வரும் என்றேன்.
அதுவும் உண்மைதான்.

கிரேன் இறக்கிய மறுநாள் காலை
மொபிசுல் பிஸ்மி சொல்லிப் பொத்தானை அழுத்தினான்.
பத்து நிமிடத்தில்
நான்காம் தலையில் சிவப்பு.
"ருக் கயா" என்று திரும்பினான்,
தன்மேல் பழி வந்துவிடுமோ என்ற அதே முகத்தோடு.
நிற்கட்டும் என்றேன்.
நூலைக் கோத்தான். ஓடியது.

வேறொன்றும் நான் சொல்லவில்லை.
டூல்பாக்ஸின் அடித்தட்டில்
விரல் நீள ஒயர் இன்னும் கிடக்கிறது.
ஸ்பேனர் தேடும்போதெல்லாம்
கையில் தட்டுப்படும்.